சர்க்கரை நோயுள்ள குழந்தையை இன்னொருவர் பொறுப்பில் விடலாமா?

உங்கள் குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய். விரலில் குத்திப் பார்க்கவும் ஊசி போடவும் நீங்கள் பழகிவிட்டீர்கள். ஆனால் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு கல்யாணம், ஒரு துக்கம் என்று போக வேண்டியிருக்கிறது. உங்களுக்கே காய்ச்சல் வந்து படுக்க நேரலாம். அப்போது குழந்தையை யாரிடம் விடுவது? விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா?

முடியும். பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோ, சம்பளத்துக்கு வரும் ஆயாவோ, யாராக இருந்தாலும் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் இது. எல்லாம் தெரிந்த ஒருவரைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். ஒருவருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும், எதை அவரிடம் விடக் கூடாது என்பதை நீங்கள் தெளிவாக வகுத்துக்கொண்டால் போதும்.

முதலில், இது என்ன நோய்?

நம் வயிற்றுக்குள் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை உடலின் செல்களுக்குள் போக இன்சுலின் வேண்டும். டைப் 1 வந்த குழந்தைக்கு, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததல்ல. யாருக்கும் ஒட்டாது. பெற்றோரின் தவறும் இதில் இல்லை.

சுரக்காத இன்சுலினை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் அங்கே 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆகவே பாகற்காய்ச் சாறோ, வெந்தயமோ, வேறெந்த மருந்தோ இன்சுலினுக்கு மாற்றாகாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

“எனக்கும் சுகர்தான், எனக்குத் தெரியாதா?” என்று பாட்டி சொல்கிறாரே?

இங்கேதான் நீங்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் ஒரு பெரியவருக்காவது சுகர் இருக்கிறது. அது பெரும்பாலும் டைப் 2. அவருக்கு வழக்கமாக மாத்திரை போதும். இனிப்பைத் தொடக் கூடாது. சுகர் ஏறிவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

குழந்தைக்கு உடனடி ஆபத்து பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. போட்ட ஊசிக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டாலோ, ஓடியாடி விளையாடிவிட்டாலோ சுகர் மளமளவென்று இறங்கிவிடும். அப்போது உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். “சுகர் உள்ள குழந்தைக்குப் போய் சர்க்கரையா?” என்று பாட்டியின் கை தயங்கும். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் உங்கள் முதல் பாடம். “உங்களுக்கு இனிப்பு ஆகாது, சரி. ஆனா இவனுக்கு அந்த நேரத்துல சர்க்கரைதான் மருந்து” என்று பலமுறை சொல்லுங்கள்.

பாட்டியின் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. பாட்டியும் இன்சுலின் போடுபவர் என்றால், இரண்டு பேருடையதையும் ஃபிரிட்ஜில் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெயர் எழுதிய தனித்தனி டப்பாக்களில் வையுங்கள். இன்சுலின் பேனாவையோ ஊசியையோ ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது; ரத்தம் வழியாகத் தொற்று பரவும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

நிறையப் படித்தவரா என்று பார்க்க வேண்டாம். எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஃபோன் செய்யத் தெரிய வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும். இவற்றைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு: சந்தேகம் வந்தால் கேட்பது, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்வது. “எனக்கு எல்லாம் தெரியும், நீ போம்மா” என்பவரைவிட “இது எப்படின்னு இன்னொரு தடவை காட்டுங்க” என்பவர் மேல்.

சம்பளத்துக்கு ஒருவரை வைப்பதென்றால், இந்தக் கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். சோறூட்டித் தூங்க வைக்கும் வேலை மட்டும் என்று சொல்லி வரவழைத்துவிட்டு, பிறகு சுகர் பார்க்கும் மீட்டரைக் கையில் கொடுப்பது நியாயமில்லை.

வெளியே தெரிய வேண்டாம் என்று நோயைச் சொல்லாமல் விட்டால்?

பெண் குழந்தையின் வீட்டில் இந்தத் தயக்கம் அதிகம். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது பேச்சு வருமே என்று மறைக்கிறார்கள். அந்தக் கவலை புரிகிறது. ஆனால் நோய் இருப்பதே தெரியாதவருக்கு, குழந்தை வியர்த்துத் துவண்டு கிடந்தால் தூக்கம் என்றுதான் தோன்றும். குழந்தையுடன் தனியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்தே ஆக வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. டைப் 1 உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே தின்பண்டம் எடுத்துச் செல்லலாம் என்று 2017-இல் சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. ஆகவே பகல் காப்பகத்திலும் பள்ளியிலும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அவருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்?

டாக்டர் உங்களுக்குச் சொன்ன அத்தனையும் வேண்டாம். தொடக்கத்தில் மூன்று போதும். சுகர் இறங்கினால் கண்டுபிடித்துச் சர்க்கரை கொடுப்பது. உங்களைக் கேட்காமல் இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாமல் இருப்பது. எப்போது உங்களை அழைப்பது, எப்போது நேராக 108-ஐ அழைப்பது என்று தெரிந்திருப்பது.

சுகர் இறங்கியது எப்படித் தெரியும்?

இதற்கு ஹைப்போகிளைசீமியா (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) என்று பெயர். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் சுகர் இறங்கிவிட்டது என்று பொருள். 54-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து.

கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, வெளிறிய முகம், தலைசுற்றல் ஆகியவை அடையாளங்கள். சின்னக் குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் அழும், அடம்பிடிக்கும், கையிலிருப்பதைத் தூக்கி எறியும், விளையாட்டை விட்டுச் சுருண்டு படுக்கும். “பிடிவாதம் பண்றான்” என்று அதட்டுவதற்கு முன்பு விரலில் குத்திப் பார்க்கப் பழக்குங்கள். பெரிய குழந்தை “ஒரு மாதிரி இருக்கு” என்றால், அந்தச் சொல்லை நம்பி உடனே பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் குழந்தையின் கையைத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால்கூட மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். மீட்டரைத் தேட வேண்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். அடையாளம் தெரிந்தால் சர்க்கரையைக் கொடுத்துவிட வேண்டும். தேவையில்லாமல் ஒருமுறை கொடுத்தால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

என்ன கொடுப்பது, எவ்வளவு?

வேகமாக ரத்தத்தில் சேர்வது வேண்டும். குளுக்கோஸ் பவுடர், தண்ணீரில் கரைத்த சர்க்கரை, சர்க்கரை உள்ள ஜூஸ் ஆகியவை சரி. சாக்லேட், பால், லட்டு ஆகியவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் சேரும். ‘சுகர் ஃப்ரீ’ பானங்களால் பயனே இல்லை.

குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.3 கிராம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 15 கிலோ குழந்தைக்குத் தோராயமாக ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. 30 கிலோ குழந்தைக்கு இரண்டு. உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டரிடம் கேட்டு, அந்த அளவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுங்கள். பதற்றத்தில் யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது.

கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு பொட்டலம். சரியான பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு சின்ன வாழைப்பழமோ தேவைப்படலாம். இதையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சுகர் சரியாகும்வரை குழந்தையைத் தனியாக விடக் கூடாது. மாடிப்படி ஏற விடக் கூடாது.

குழந்தை மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால்?

வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீரும் வேண்டாம், சர்க்கரைக் கரைசலும் வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை, நேரம்தான் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைத்து, “டைப் 1 சுகர் உள்ள குழந்தை, இன்சுலின் போடுகிறோம்” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு ஃபோன்.

இந்த நிலைக்கென்றே குளுக்ககான் (சர்க்கரையை வேகமாக ஏற்றும் மருந்து) இருக்கிறது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைத்துவிடாது. உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வாங்கி வைத்தால், பார்த்துக்கொள்பவருக்கும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுங்கள்.

சுகர் ஏறினால் பயப்பட வேண்டுமா?

சாப்பிட்ட பிறகு 200, 220 என்று காட்டினால் ஆயா பதற வேண்டியதில்லை. தண்ணீர் கொடுக்கலாம், எண்ணைக் குறித்து வைக்கலாம். தானாக இன்னொரு ஊசி போடக் கூடாது. 250-க்கு மேல் காட்டினால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதோடு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்று வலி, வாந்தி, பழ வாசனை வீசும் மூச்சு, வேகமான ஆழ்ந்த மூச்சு ஆகியவையும் சேர்ந்தால் அது கீட்டோஅசிடோசிஸாக (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேர்வது) இருக்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல இது. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு தவறான முடிவு இங்கே அடிக்கடி நடக்கிறது. “வாந்தி எடுக்கிறான், ஒன்றும் சாப்பிடலை, அதனால ஊசி போடலை” என்பார்கள். உடம்பு சரியில்லாத நாளில் இன்சுலின் அளவு மாறலாம். முழுவதும் நிறுத்தக் கூடாது. எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊசியையும் அவரிடம் விடலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். நீங்கள் போட்டுவிட்டுப் போய், அடுத்த ஊசி நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். நாள் முழுக்க விட வேண்டும் என்றால் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் நான்கு இடங்களில் தவறு நடக்கும். நான்குக்கும் முன்பே தடை போட்டுவிடுங்கள்.

ஒன்று, பேனா மாறிப்போவது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினும் நாள் முழுக்க வேலை செய்யும் மெதுவான இன்சுலினும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மெதுவானதை நீங்களே போட்டுவிட்டு எடுத்து மறைத்து வையுங்கள். பார்த்துக்கொள்பவர் கையில் ஒரே ஒரு பேனா மட்டும் இருக்கட்டும்.

இரண்டு, இரண்டு முறை போட்டுவிடுவது. “அம்மா போட்டாளா, இல்லையா?” என்று பாட்டிக்குச் சந்தேகம் வரும். ஊசி போட்டவுடன் நோட்டில் நேரமும் அளவும் எழுத வேண்டும். நோட்டில் இல்லை, கேட்கவும் முடியவில்லை என்றால், மீட்டரில் பார்த்துவிட்டு, உங்களிடம் பேசும்வரை போடாமல் காத்திருக்க வேண்டும்.

மூன்று, சிரிஞ்ச் மாறுவது. குப்பியில் வாங்குபவர்கள் இதை மனதில் வையுங்கள். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு, 100 யூனிட் கொண்டதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். வீட்டில் ஒரே வகையை மட்டும் வைத்திருங்கள்.

நான்கு, ஊசி போட்ட பிறகு குழந்தை சாப்பிட மறுப்பது. உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. இட்லி வேண்டாமென்றால் பழம், ஜூஸ் என்று அதற்கு ஈடான மாவுச்சத்து ஏதாவது உள்ளே போக வேண்டும். உடனே உங்களையும் அழைக்க வேண்டும். தினமும் இப்படி அடம்பிடிக்கும் குழந்தை என்றால், சாப்பிட்டு முடித்தவுடன் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காததை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ளதைக் குளிர்ச்சியான இடத்தில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சமையலறை அலமாரி குளிர்ச்சியான இடமல்ல. வண்டியின் சீட்டுப் பெட்டியிலோ நிறுத்தி வைத்த காரிலோ வைக்கவே கூடாது. சூட்டில் கெட்ட இன்சுலின் பார்க்க நன்றாகவே இருந்தாலும் வேலை செய்யாது.

விருந்தாளி லட்டு கொடுத்தால்? கோயிலில் பிரசாதம் கொடுத்தால்?

இனிப்பு இந்தக் குழந்தைக்கு விஷமல்ல. அதற்கேற்ற இன்சுலினோடு அளவாகச் சாப்பிடலாம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் நீங்கள் என்பதால், பார்த்துக்கொள்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: “அம்மா வந்ததும் சாப்பிடலாம்” என்று எடுத்து வைப்பது. தெரியாமல் தின்றுவிட்டாலும் குழந்தையைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை ஒளித்துத் தின்னும். ஒளித்துத் தின்றால் உங்கள் கணக்கெல்லாம் தப்பாகிவிடும்.

குழந்தையின் காதுபட “பாவம், சர்க்கரைக்காரப் பிள்ளை” என்று யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலைதான்.

சென்சார் போட்டிருக்கிறோமே, நான் ஃபோனில் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

பெரிய உதவிதான். ஆனால் முழுதாக அதையே நம்ப முடியாது. சென்சார் தோலுக்கடியில் உள்ள நீரில் சர்க்கரையை அளப்பதால், ரத்தத்தில் நடப்பது சில நிமிடம் தாமதமாகத்தான் தெரியும். அதன்மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைவு காட்டும். நெட் போனால் உங்கள் ஃபோனுக்கு ஒன்றும் வராது. குழந்தையின் முகம் ஒன்று சொல்லி, சென்சார் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். எண் அசையும்போதெல்லாம் நீங்கள் அழைத்துக்கொண்டிருந்தால், அவர் குழந்தையைப் பார்ப்பதை விட்டு உங்கள் ஃபோனுக்குத்தான் காத்திருப்பார்.

எதை எழுதிக் கொடுப்பது?

ஒரே ஒரு தாள், ஃபிரிட்ஜ் கதவில். 70-க்குக் கீழே சிவப்பு: சர்க்கரை கொடு. 70 முதல் 180 வரை பச்சை: நன்றாக இருக்கிறது. 180 முதல் 250 வரை மஞ்சள்: குறித்து வை. 250-க்கு மேல் ஆரஞ்சு: அம்மாவை அழை. அதன் கீழே உங்கள் எண், வீட்டுக்காரர் எண், டாக்டர் எண், 108.

எண்ணுக்குப் பதில் மீட்டரில் ‘லோ’, ‘ஹை’ என்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் என்ன பொருள் என்றும் எழுதுங்கள். அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது அல்லது ஏறிவிட்டது என்பதே அது. பல மீட்டர்களில் 20-க்குக் கீழேயும் 600-க்கு மேலேயும் இப்படிக் காட்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அந்த எழுத்துகளை வரைந்தே காட்டுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நீங்கள் செய்ய, அவர் பார்க்கட்டும். பிறகு அவர் செய்ய, நீங்கள் வாயைத் திறக்காமல் பாருங்கள். உங்கள் விரலிலேயே குத்தச் சொல்லி மீட்டரைப் பழக்குங்கள். “இப்ப 58 காட்டுது, என்ன செய்வீங்க?” என்று நடித்துப் பாருங்கள். பதில் மட்டும் போதாது. பொட்டலத்தை எடுத்துக் கரைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, பக்கத்துத் தெருவுக்கு அரை மணி நேரம் போய் வாருங்கள். பிறகு சாப்பாடும் ஊசியும் இல்லாத இரண்டு மணி நேரம். அது பழகிய பின் ஒரு வேளைச் சாப்பாட்டோடு. இரவு கடைசியில்தான் வர வேண்டும். மாலையில் அதிகம் விளையாடிய குழந்தைக்குப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சுகர் இறங்கலாம். அதனால் இரவில் இருப்பவர் எழுந்து பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

அவர் தவறு செய்துவிட்டால்?

முதலில் குழந்தையைக் கவனியுங்கள். பிறகு, தவறு எங்கே நுழைந்தது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். நோட்டு கைக்கெட்டாத இடத்தில் இருந்ததா? பொட்டலம் தீர்ந்துபோயிருந்ததா? பெரும்பாலும் ஏற்பாட்டில்தான் ஓட்டை இருக்கும், அதை அடைத்துவிடுங்கள்.

அன்றைக்கு நீங்கள் கத்தினால் அவர் அடுத்த முறை மறைப்பார். இந்த நோயில் தவறைவிட மறைத்த தவறுதான் குழந்தைக்குக் கெடுதல். 62 என்று காட்டியதைச் சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். ஊசி போட்ட அளவில் ஒரு யூனிட் கூடிவிட்டது என்று ஃபோன் செய்தவருக்கு இன்னும் அதிகமாக நன்றி சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் சரிசெய்ய வழியிருக்கிறது. மாறாக, மீட்டரில் ஒன்று இருக்க நோட்டில் வேறொன்று எழுதுபவர், சொல்லாமல் ஊசியைத் தவிர்ப்பவர், தூங்கிவிட்டு விழித்திருந்தேன் என்பவர், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் இந்தப் பொறுப்புக்கு வேண்டாம்.

ஆகவே, எப்போது நம்பலாம் என்று கேட்டால் பதில் இதுதான்: சின்னச் சந்தேகத்துக்கும் உங்களை அழைக்கிறாரா, நடந்ததை நடந்தபடி சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் நீங்கள் வெளியே போகலாம். வேலைக்குப் போகலாம், ஓய்வெடுக்கலாம். பல வருடம் சுமக்க வேண்டிய பொறுப்பு இது. தனி ஒருவரால் முடியாது. இந்த வாரமே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மீட்டரை அவர் கையில் கொடுங்கள்.